கைரோபிராக்டரிலிருந்து முழுமை நலத்துக்கு: பாதையா, பெயர்ப்பலகையா?

நந்தினி_பிசியோ

எல்லோருக்கும் வணக்கம். பிசியோதெரபி முடித்து வேலை பார்க்கிறேன். அடுத்து கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் சிகிச்சை) படிக்கலாமா என்று யோசனை ஓடுகிறது. இந்தத் துறைக்குள் போகிறவர்களில் பலர் கொஞ்ச காலத்தில் 'ஹோலிஸ்டிக்', அதாவது முழுமை நலம், என்று பலகையை மாற்றிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். முதுகை மட்டும் பார்த்தவர்கள் தூக்கம், சாப்பாடு, மன அழுத்தம், மூச்சுப்பயிற்சி என்று எல்லாவற்றையும் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எனக்கும் அந்தப் பக்கம் ஈர்ப்பு உண்டு, மறைக்கவில்லை. ஒரு ஆளைப் பத்து நிமிடத்தில் முடித்து அனுப்புகிற வேலை அலுத்துவிட்டது. ஆனால் இந்த மாற்றம் எதனால் வருகிறது? படிப்பிலேயே இருக்கிறதா, அனுபவத்தில் வருவதா, இல்லை வெறும் வியாபாரமா? துறைக்குள் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். முதுகையோ கழுத்தையோ திருப்பும்போது 'டக்' சத்தம் வருகிற வீடியோக்களை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம், எல்லாம் பார்த்தாயிற்று.

ஆரோக்கிய_பாலா

கைரோபிராக்டிக்கே ஹோலிஸ்டிக்தானே நந்தினி, அதிலிருந்து எங்கே மாறுவது? உடம்பை ஆள்வது நரம்பு மண்டலம். நரம்பு மண்டலத்துக்குக் கவசம் முதுகெலும்பு. அது நேரானால் செரிமானம், தூக்கம், ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்தி எல்லாம் தன்னால் சரியாகும். உடம்புக்குள்ளேயே ஓர் அறிவு இருக்கிறது, தடையை நீக்கினால் அது வேலை செய்யும். மருந்து கொடுப்பவர்களுக்கு இது புரியாது.

வெள்ளைக்கோட்டு

மருந்து கொடுப்பவன்தான் பேசுகிறேன். எலும்பு மருத்துவம்.

பாலா, அந்த 'எல்லாம் தன்னால் சரியாகும்' எங்கிருந்து வந்தது தெரியுமா? 1895 செப்டம்பரில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் ஊரில், டி.டி. பால்மர் என்பவர் ஹார்வி லில்லர்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகில் புடைத்திருந்த எலும்பைத் தள்ளி உட்கார வைத்தார், காது சரியாகக் கேட்காதிருந்தவருக்குக் கேட்க ஆரம்பித்தது என்பதுதான் மூலக்கதை. பால்மர் அதுவரை காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர். காது நரம்போ மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத்தண்டில் போய்ச் சேர்ந்துவிடுகிறது, முதுகுப் பக்கமே வருவதில்லை. இந்த ஒரு சம்பவத்திலிருந்து, கிட்டத்தட்ட எல்லா நோய்க்கும் காரணம் முள்ளெலும்பு விலகும் 'சப்லக்சேஷன்' என்று ஒரு கட்டடமே எழுப்பினார்கள்.

பிரிட்டனில் இந்தத் தொழிலுக்குப் பதிவு கொடுக்கிற ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-இல், அது ஒரு வரலாற்றுக் கருத்து, நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வு ஆதாரம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அப்புறம் என்ன?

இன்னொன்று. எல்லா நோய்க்கும் ஒரே காரணம், எல்லாவற்றுக்கும் ஒரே சிகிச்சை என்பதில் முழுமை எங்கே இருக்கிறது? நான் பார்த்ததிலேயே குறுகலான மருத்துவக் கொள்கை அதுதான்.

கழுத்துவலிக்காரன்

அடடா, ஆரம்பித்துவிட்டார்கள்.

வளைகோடு

நான் கைரோபிராக்டர். ரொம்ப காலமாக இதே வேலை. வெள்ளைக்கோட்டு கடைசியாகச் சொன்ன வரியோடு எனக்குச் சண்டையே இல்லை. நந்தினிக்குத்தான் பதில், கொஞ்சம் நீளமாக.

'ஹோலிஸ்டிக்' பக்கம் சாய்வது இந்தத் தொழிலின் பிறப்பிலேயே இருக்கிறது. பால்மர் நோய்க்கு மூன்று மூலங்கள் சொன்னார்: அடிபடுதல், நச்சு, மனத்தின் தாக்கம். மூன்றும் முதுகெலும்பு வழியாகத்தான் வேலை செய்கின்றன என்று நினைத்தது அவருடைய காலம். ஆனால் மனத்தையும் பட்டியலில் வைத்தார், அது கவனிக்க வேண்டியது. அவருக்குப் பிறகு தொழில் இரண்டாகப் பிரிந்தது. எலும்பை மட்டும் தொடுவோம் என்றவர்கள் 'ஸ்ட்ரெய்ட்'. உடற்பயிற்சி, உணவு, நீர்ச்சிகிச்சை என்று சேர்த்துக்கொண்டவர்கள் 'மிக்ஸர்'. இயற்கை மருத்துவமும் கைரோபிராக்டிக்கும் அமெரிக்காவில் ஒரே கல்லூரிக் கூரையின் கீழ் இருந்த காலம் உண்டு. போர்ட்லாந்தில் ஒரு கைரோபிராக்டிக் கல்லூரி 1950-களில் இயற்கை மருத்துவப் படிப்பை நிறுத்தியபோதுதான், 1956-இல் அதே ஊரில் அதற்கென்று தனிக் கல்லூரி எழுந்தது.

அடுத்தது, வெளியே தள்ளப்பட்டது. அமெரிக்க மருத்துவ சங்கம் 1963-இல் போலி மருத்துவத்துக்கு எதிராக ஒரு குழுவே அமைத்தது, அதன் முதல் குறி நாங்கள்தான். கைரோபிராக்டரோடு தொழில்முறையில் சேர்ந்து வேலை செய்வது அன்றைக்கு ஒரு மருத்துவருக்கு நெறிமுறை மீறல். 1976-இல் செஸ்டர் வில்க்கும் இன்னும் சில கைரோபிராக்டர்களும் வழக்குப் போட்டார்கள். அது சட்டவிரோதப் புறக்கணிப்பு என்று 1987-இல் தீர்ப்பு வந்தது, 1990-இல் மேல்முறையீட்டிலும் நின்றது. பெரிய மருத்துவமனைக் கதவு இத்தனை காலம் மூடிக் கிடந்தால் பக்கத்தில் திறந்திருக்கிற கதவு வழியாகத்தான் ஆள் போவான். அங்கே இயற்கை மருத்துவம், அக்குபங்சர், மூலிகைக்காரர்கள், தியானம் சொல்லித்தருபவர்கள் இருந்தார்கள். நல்ல சகவாசமும் உண்டு, கெட்ட சகவாசமும் உண்டு. இதையும் சேர்த்துத்தான் 'கைரோபிராக்டர்கள் ஏன் மாற்று மருத்துவம் பேசுகிறார்கள்' என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் என்னைப் போன்றவர்களை இழுத்தது. கையால் செய்யும் சிகிச்சையின் எல்லை. 2017-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில், திடீரென்று வரும் இடுப்புவலிக்கு முதுகெலும்புக் கையாளுதல் எவ்வளவு உதவுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 6 வாரம் வரை வலியிலும் இயக்கத்திலும் சுமாரான முன்னேற்றம் என்று முடிவு வந்தது. சுமார்! அதே ஆண்டு அமெரிக்க உள்மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் வழிகாட்டி, மாத்திரைக்குப் போவதற்கு முன் வெந்நீர் ஒத்தடம் போன்ற வெப்பம், மசாஜ், அக்குபங்சர், முதுகெலும்புக் கையாளுதல் இவற்றைப் பார்க்கச் சொன்னது. ஆக, நம் கைக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் சின்னது. அதை ஒத்துக்கொண்டவனுக்கு அடுத்த கேள்வி வந்தே தீரும்: மீதி எங்கே இருக்கிறது?

நான் பார்ப்பது இது. ஒருவர் வருகிறார். இடுப்பில் அட்ஜஸ்ட்மென்ட் (மூட்டைக் கையால் சட்டென்று தள்ளுவது) செய்கிறோம். எழுந்து நடக்கிறார், முகம் மலர்கிறது. கொஞ்ச நாளில் அதே இடம், அதே வலி, அதே ஆள். இதையே வருடக்கணக்கில் செய்துகொண்டே இருக்கலாம், இரண்டு பேருக்கும் திருப்திதான். ஆனால் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தால் ஒவ்வொன்றாக வரும். இரவில் ஒழுங்காகத் தூக்கம் இல்லை. வேலையில் பயம். எப்போதோ எடுத்த எம்ஆர்ஐ அறிக்கையில் 'டிஸ்க் தேய்மானம்' (முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை தேய்வது) என்று இருந்ததிலிருந்து குனிவதையே விட்டுவிட்டார். பிள்ளையைத் தூக்குவதில்லை, நடைப்பயிற்சி நின்றுபோயிற்று. முதுகு பலமிழந்துகொண்டே போகிறது, வலி வரும்போதெல்லாம் அறிக்கை சொன்னது சரிதான் என்று பயம் கூடுகிறது.

இந்த ஆளிடம் ஓர் எண்ணைச் சொல்வேன். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளை 2015-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். வலி இல்லாதவர்களுக்கு! இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், எந்த 'டக்' சத்தத்துக்கும் அப்படி மாறியதில்லை.

என் கணக்கில் முழுமை நலம் என்பது இதுதான். கட்டிலில் ஆளைப் படுக்க வைப்பது குறையும், நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்பது கூடும்.

நந்தினி_பிசியோ

வளைகோடு சார், ரொம்ப நன்றி. ஆனால் ஒரு நெருடல். நீங்கள் சொன்ன கடைசிப் பகுதியை நல்ல பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் செய்கிறோமே (நேரம் கொடுத்தால்). அதற்கு எதற்கு இன்னொரு பட்டம்?

வெள்ளைக்கோட்டு

நல்ல கேள்வி. 1977-இல் ஜார்ஜ் எங்கெல் 'உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்' என்று சயன்ஸ் இதழில் எழுதினார். அவர் மனநலம் படித்த மருத்துவர். எங்கள் மாணவர்களுக்கு இது பாடத்தில் இருக்கிறது. கடைப்பிடிக்கிறோமா என்று கேட்டால் வேறு விஷயம்.

கழுத்துவலிக்காரன்

கடைப்பிடிக்கவில்லை, நான் சாட்சி. 'கழுத்துத் தேய்மானம், கனம் தூக்காதே' என்று ஒரே வரியில் அனுப்பினார்கள்.

ஆனால் அந்தப் பக்கத்துக்கும் நான் சாட்சி. அதற்குப் பிறகு ஒரு ஹோலிஸ்டிக் கைரோ மையத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். போனதும் முதுகில் ஒரு கருவியை உருட்டினார்கள், திரையில் கழுத்து முழுக்கச் சிவப்பு. 'இப்போது விட்டால் பத்து வருடத்தில் கை விழுந்துவிடும்' என்றார். ஒரு வருடத்துக்கான பேக்கேஜ், முன்பணம் கட்டினால் தள்ளுபடி. கூடவே ஒரு பை நிறையச் சத்து மாத்திரை. இதற்குப் பெயரும் முழுமைதான். உங்கள் முழுமைக்கும் அந்த முழுமைக்கும் என்ன வித்தியாசம் என்று வெளியே நிற்கிற எனக்கு எப்படித் தெரியும்?

வளைகோடு

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

அந்தக் கருவிக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. டி.டி.யின் மகன் பி.ஜே. பால்மர் 1924-இல் நியூரோகலோமீட்டர் என்று ஒன்றை இறக்கினார். முதுகின் இரண்டு பக்கமும் தோல் வெப்பத்தை ஒப்பிட்டுப் பார்க்கும், வித்தியாசம் இருந்தால் அங்கே சப்லக்சேஷன் என்று அர்த்தமாம். விற்கவில்லை, பெருந்தொகைக்குக் குத்தகை விட்டார். அது இல்லாமல் சரியான சிகிச்சையே முடியாது என்றார். அவருடைய ஆதரவாளர்களே கோபித்துக்கொண்டு விலகினார்கள். நூறு வருடம் ஆகிவிட்டது, இன்றைக்கு அதில் வண்ணம் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெளியே நிற்பவர்களுக்கு நான் சொல்வது: எப்போது நிறுத்துவோம் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். 'கொஞ்ச தடவை பார்ப்போம், மாற்றம் இல்லையென்றால் வேறு வழி யோசிப்போம், அல்லது வேறு ஆளிடம் அனுப்புகிறேன்' என்று பதில் வந்தால் உட்காருங்கள். 'வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு' என்று வந்தால் செருப்பைத் தேடுங்கள். பயமுறுத்துகிறாரா, பயத்தைக் குறைக்கிறாரா என்றும் பாருங்கள். உங்கள் ஆள் சொன்ன 'கை விழுந்துவிடும்' என்ற வார்த்தை சிகிச்சைக்கு நேர் எதிரான வேலையைச் செய்யும். அப்புறம் மாத்திரை. எந்தக் குறைபாட்டுக்கு, எந்தப் பரிசோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். நான் என் அறையில் எதையும் விற்பதில்லை. விற்க ஆரம்பித்தால் என் கண்ணுக்கே எல்லாருக்கும் குறைபாடு தெரியும்.

நந்தினி, உங்கள் கேள்விக்கு. வேறு பட்டம் கட்டாயமில்லை. வெளிப்படையாகச் சொன்னால், பிசியோ படித்தவருக்கு முழுமை நலப் பார்வைதான் வேண்டுமென்றால் கைரோபிராக்டிக் சுற்று வழி. முதுகெலும்பைக் கையாளும் திறனில் ஆழமாகப் போக வேண்டும், நோயாளி முதலில் வந்து பார்க்கிற ஆளாக நின்று நோயறிந்து பொறுப்பேற்க வேண்டும் என்றால் மட்டும் யோசியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2005 வழிகாட்டி முழுப் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் சொல்கிறது. அமெரிக்காவில் அதற்குமேல் நான்கு பகுதித் தேசியத் தேர்வு. மலேசியாவில் ஐஎம்யு பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பு இருக்கிறது. என் மனதுக்குப் பிடித்தது டென்மார்க்கின் ஓடென்ஸ் ஏற்பாடு. அங்கே கைரோபிராக்டிக் மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் முதல் சில ஆண்டுகள் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ஒரே சடலத்தை அறுத்துப் படித்தவர்கள் பிற்பாடு ஒருவரையொருவர் போலி என்று திட்டிக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்.

வார இறுதிப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கழுத்தைத் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். சட்டக் கட்டுப்பாடு இல்லாத இடங்களில் அவர்களும் அதே பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அந்த வழி வேண்டவே வேண்டாம்.

ஆரோக்கிய_பாலா

எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல கலையைச் சாதாரண முதுகுவலி வைத்தியமாகச் சுருக்குகிறீர்கள். கைக்குழந்தைகளுக்கே அட்ஜஸ்ட்மென்ட் செய்து அழுகை நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைக்கோட்டு

கைக்குழந்தையின் அழுகை எதுவும் செய்யாமலே சில மாதங்களில் குறையும் பாலா. ஆஸ்திரேலியாவின் கைரோபிராக்டிக் வாரியம் 2019-இல் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்புக் கையாளுதல் செய்யக்கூடாது என்று இடைக்காலத் தடை போட்டது. போட்டது மருத்துவர்கள் சங்கம் இல்லை, அவர்களுடைய வாரியமே.

கழுத்து விஷயத்தையும் வளைகோடு தொடாமல் நழுவுகிறார். கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வருவது பற்றிப் பேசாமல் இந்த இழை முடியக்கூடாது.

இழை_நிர்வாகி

தனிநபர் சீண்டல் வேண்டாம். இங்கே யாரும் தங்கள் ஸ்கேன் படத்தைப் போட்டு ஆலோசனை கேட்கவும் வேண்டாம், இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

வளைகோடு

நழுவவில்லை டாக்டர், வரிசை வரவில்லை.

கழுத்தைத் திருப்பிய பிறகு, கழுத்தெலும்புகள் வழியாக மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அரிது. ஆனால் வந்தால் உயிர் விஷயம். கனடாவின் ஒன்டாரியோவில் செய்து 2008-இல் வெளியான ஆய்வு ஒரு திருப்பத்தைக் காட்டியது. இந்த வகைப் பக்கவாதம் வந்த இளவயதினர் அதற்குச் சற்று முன் கைரோபிராக்டரிடம் போயிருந்ததைப் போலவே, குடும்ப மருத்துவரிடமும் போயிருந்தார்கள். அதாவது தமனி ஏற்கெனவே கிழிய ஆரம்பித்திருந்தது, அந்த வலியைத்தான் காட்ட வந்தார்கள் என்று படிக்கலாம். எங்கள் ஆட்கள் பலர் இதைக் கேடயமாகப் பிடிக்கிறார்கள். எனக்கு அது இன்னும் பெரிய பொறுப்பாகத்தான் படுகிறது. கிழிந்துகொண்டிருக்கிற தமனியோடு ஒருவர் என் அறைக்கு வருவார் என்றால், கண்டுபிடிக்க வேண்டியவன் நான். இதுவரை வந்திராத மாதிரியான தலைவலியோ கழுத்துவலியோ திடீரென்று வந்திருக்கிறதா, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், முகத்தில் மரத்துப்போதல் ஏதாவது உண்டா என்று கேட்காமல் கழுத்தில் கை வைக்கக்கூடாது. ஒன்றாவது இருந்தால் அவசரப் பிரிவு. மற்றவர்களுக்கும் கழுத்தை வேகமாகத் திருப்புவதை நான் பெரும்பாலும் விட்டுவிட்டேன். மெதுவான அசைவும் பயிற்சியுமே பலருக்குப் போதுகிறது.

கழுத்துவலிக்காரருக்கு இன்னொன்று: அந்தச் சத்தத்தைச் சிகிச்சையின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூட்டுத் திரவத்துக்குள் சட்டென்று ஒரு வாயு வெளி உருவாகும் ஓசை அது. விரல் மூட்டைச் சொடுக்கும்போது எம்ஆர்ஐயில் படம்பிடித்து 2015-இல் காட்டினார்கள். எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் இல்லை.

நந்தினி_பிசியோ

சார், ஒரு முதல் சந்திப்பு உங்கள் அறையில் எப்படி நடக்கும்? கொள்கை போதும், நடப்பைச் சொல்லுங்கள்.

வளைகோடு

முதலில் ஆபத்து அறிகுறிகள். காரணமில்லாமல் எடை குறைவு, காய்ச்சல், முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, படுத்தாலும் குறையாத இரவுவலி, விழுந்த அடி. இரண்டு தொடைக்கு நடுவே மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு அல்லது கட்டுப்பாடின்மை என்றால் பேச்சே இல்லை, நேராக மருத்துவமனை. இது முடியாமல் தூக்கம், தியானம் என்று பேசுகிற ஹோலிஸ்டிக் ஆளிடமிருந்து ஓடிவிடுங்கள்.

அப்புறம் கால் பலம், தொடு உணர்வு, ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் தசை தானாகத் துள்ளுகிறதா என்பது). எக்ஸ்ரே எல்லோருக்கும் எடுப்பதில்லை. பிறகு பிரிட்டனின் கீல் பல்கலைக்கழகம் உருவாக்கிய 9 கேள்விப் படிவம். வலி எங்கே என்பதோடு, 'இந்த வலியோடு நடமாடினால் ஆபத்து என்று நினைக்கிறீர்களா', 'இது சரியாகவே ஆகாது என்று தோன்றுகிறதா' என்கிற மாதிரியும் கேட்கும். யாருக்குக் கொஞ்சம் தைரியம் சொல்லி அனுப்பினால் போதும், யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று அதில் பிரியும்.

அதற்குப் பிறகு நான் கேட்கிற கேள்வி, வலி போனால் என்ன செய்ய ஆசை என்பது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் 'ஹோல் ஹெல்த்' என்று ஒரு திட்டம் நடத்துகின்றன, அங்கேயும் பேச்சு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அவற்றில் கைரோபிராக்டர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள், எலும்பு மருத்துவரும் மனநல ஆலோசகரும் பக்கத்து அறையில். பணியில் இருந்த 750 அமெரிக்கப் படைவீரர்களை வைத்து 2018-இல் வந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு கைரோபிராக்டிக்கும் சேர்ந்தவர்களுக்கு 6 வாரத்தில் இடுப்புவலியும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்தன. 'சேர்ந்தவர்களுக்கு' என்பதைக் கவனியுங்கள். தனியாக அறை போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் நானே என்று உட்காருவது எனக்கு உடன்பாடில்லை. தூக்கமின்மைக்கு என்னால் நாலு வார்த்தை சொல்ல முடியும், மனச்சோர்வுக்கு முடியாது. அதற்குப் படித்தவர் இருக்கிறார், அவருடைய எண் என் மேசையில் இருக்க வேண்டும்.

ஆள் சொல்லும் ஆசைக்கு ஏற்றபடி பயிற்சி. தரையில் உட்கார வேண்டும் என்றால் அதற்கு. அட்ஜஸ்ட்மென்ட் உண்டு, முதல் சில சந்திப்புகளில், அசைய ஆரம்பிக்கத் துணையாக.

கழுத்துவலிக்காரன்

இதை ஒருத்தராவது எனக்குச் செய்திருந்தால் அந்த முன்பணம் மிச்சம்.

வெள்ளைக்கோட்டு

வளைகோடு, இப்படி வேலை செய்கிறவராக இருந்தால் ஆட்களை அனுப்ப எனக்குத் தயக்கமில்லை. நீங்கள் எனக்கு அனுப்பும்போது மட்டும் ஓர் உதவி.

வளைகோடு

சொல்லுங்கள் டாக்டர். கடிதத்தில் உங்களுக்கு என்ன வேண்டும்?

வெள்ளைக்கோட்டு

ஒரு பக்கம் போதும். வலி எப்போது, எப்படி ஆரம்பித்தது. கால் பலம் எந்தத் தசையில் எவ்வளவு, முதல் நாளும் இன்றைக்கும். ரிஃப்ளெக்ஸ். சிறுநீர் எப்படி என்று கேட்டீர்களா, பதில் என்ன. கழுத்தோ இடுப்போ, கையால் என்ன செய்தீர்கள், எந்தத் தேதியில். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது உண்டா. நீங்கள் எதைச் சந்தேகப்பட்டு அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி. 'சக்தி ஓட்டம் தடைப்பட்டுள்ளது' என்று எழுதி வந்த கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது, அந்த மாதிரி வேண்டாம்.

வளைகோடு

சரி. நந்தினி, இந்தப் பட்டியலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கல்லூரிக்குப் போனாலும் உதவும்.